இதோடது இல்ல

நல்ல மனுஷிதான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு நாள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மறந்துபோயிருப்பேன். நல்லவராக இருந்து தொலைத்ததால்தான் இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது, கூடவே அழுகையும் வருகிறது. என் வீட்டுக்காரருக்கு வேலை போனது இவரால். போகாமல் இருக்க எல்லாரையும்விட அதிகமாக அலைந்ததும் இவர்தான். பெயரை எழுதப் போவதில்லை. சிகந்தராபாத்தில் எங்கள் மாதா கோயில் ஜனங்கள் கூப்பிட்ட மாதிரி ஆன்ட்டி என்றே சொல்கிறேன்.

ஆன்ட்டி வேலை பார்த்தது ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், வயரிங் பிரிவில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ரெண்டு பேர் பாக்க வந்தாங்க. ஒருத்தருக்கு என்னைப் பிடிக்கல. இன்னொருத்தரை எனக்குப் பிடிக்கல" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார். திருமுல்கேரியில் மிலிட்டரி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. எப்போது போனாலும் முன்னறை மேஜையில் ஏதாவது ஒரு கார் மல்லாந்து கிடக்கும். கார் என்றால் பொம்மைக் கார், ரேடியோவில் ஓடுவது. கையில் ஏரியல் நீட்டிய ஒரு ரிமோட் பெட்டி இருக்கும். அதைத் திருகினால் தூரத்தில் கார் திரும்பும். எண்பதுகளின் நடுவில் நம் ஊர்க் கடையில் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை அது. டிரெயினிங்குக்கு ஜெர்மனி, ஜப்பான் என்று போய்வந்தவர்களும், பட்டாளத்து ஆபீசர்களும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்தவை. பிள்ளைகள் ஆடி ஓய்ந்து, பரணில் ஏறி, உள்ளே பேட்டரிக் கட்டை ஒழுகிப் பச்சை பூத்து, கடைசியில் ஆன்ட்டியின் மேஜைக்கு வந்து சேரும்.

கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் மேல்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். சிவப்பு பெயின்ட் பாருங்கள், நம்பர் ஸ்டிக்கர் பாருங்கள் என்பார்கள். ஆன்ட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"மூஞ்சியப் பாத்து மயங்காதீங்க. கவுத்துப் போடுங்க. வயித்துலதான் எல்லாம் எழுதியிருக்கு."

வயிற்றில் ஒன்றும் எழுதியிருக்காது. டப்பா தொலைந்து, லேபிள் உதிர்ந்து, ஊர் பேர் இல்லாமல்தான் வரும். ஆன்ட்டி ஸ்க்ரூவின் தலையைப் பார்ப்பார். கூட்டல் குறிக்கு ஓரத்தில் ஊசிமுனை அளவு புள்ளி இருந்தால் ஜப்பான் என்பார். பிளாஸ்டிக் வார்த்த இடத்து வடுவைக் கட்டைவிரலால் தடவுவார். எந்த அளவு பேட்டரிக் கட்டைக்குக் குழி விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். டயரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அதற்கப்புறம் எந்த நாடு, ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லுவார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். ‘அந்த மாதிரி இருக்கு’ என்று இழுக்கிற பழக்கம் கிடையாது.

பச்சை பூத்த தகட்டுக்கு எலுமிச்சம்பழச் சாறும் பழைய டூத்பிரஷும். உடைந்த உடம்புக்கு, அதே பிளாஸ்டிக்கில் ஒரு துணுக்கைச் சுரண்டிக் கரைத்து அதையே பசையாக்கி ஒட்டுவார். பல் போன பல்சக்கரத்துக்கும், கிழிந்த டயருக்கும் வேறொரு செத்த காரிலிருந்து எடுத்துப் போட்டுத்தான் ஆகவேண்டும். அதுவரைக்கும் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். இதற்குப் பிறகு ஆன்ட்டி செய்வதை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதுவார். ‘முன் டயர் ரெண்டும் இதோடது இல்ல. ஏரியல் இதோடது இல்ல. மத்தது எல்லாம் இதோடது.’ அதை மடித்துக் காரின் வயிற்றுக்குள் வைத்து மூடிவிடுவார். கார் பஞ்சாபியுடையதாக இருந்தாலும் தெலுங்கருடையதாக இருந்தாலும் எழுத்து தமிழ்தான். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லி அனுப்புவார்.

ஒரு கர்னல் வந்தது ஞாபகம் இருக்கிறது. அசல் இத்தாலி, முழுசு, ஒரு பார்ட் மாறவில்லை என்று மாமனார் கொடுத்தாராம். ஆன்ட்டி கவிழ்த்துப் பார்த்தார். "சாப், மேல்கூடு இத்தாலிதான். சக்கரம் ஜப்பான். மோட்டார் எந்த ஊரோ. மூணு வண்டியச் சேத்து ஒண்ணா குடுத்திருக்காங்க" என்று சிரிக்காமல் சொன்னார். கர்னலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மாமனார் செத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்ததாம். சொல்லாமல் விட்டிருக்கலாமே ஆன்ட்டி என்று அப்புறம் கேட்டேன். "கைக்கு? அது இத்தாலின்னு நெனச்சுக்கிட்டா இத்தாலி ஆயிடுமா?" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் ‘கைக்கு’ என்றால் ‘எதுக்கு’. மோட்டாரைச் சரிசெய்து அனுப்பிவைத்தார். காகிதம் உள்ளே இருந்தது.

கார் என்று மட்டும் இல்லை. சாமியார் ஒருமுறை பூசை முடிந்து பிரசங்கம் எப்படி என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "நல்லா இருந்துச்சு சாமி. ஆனா பாதி போன வருஷத்தோடது" என்றார் ஆன்ட்டி. பாட்டுக்குழுவில் இருந்த நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டோம். என் நிச்சயதார்த்தத்திலும் இதே கூத்துதான். என் வருங்கால மாமியார் என் கழுத்து நெக்லஸைத் தொட்டுப் பார்த்து, அழகா இருக்கே என்றார். பக்கத்தில் காபித் தட்டோடு நின்ற ஆன்ட்டி, "அது அவ அக்காவோடதும்மா" என்றார். என் அம்மா அன்றைக்கு முழுக்க ஆன்ட்டியோடு பேசவில்லை. என் வீட்டுக்காரருக்கோ அதுதான் பிடித்துப்போயிற்று. இந்த வீட்டில் மறைக்கத் தெரியாத ஒரு ஆளாவது இருக்கிறார் என்று நம்பித்தான் கட்டிக்கொண்டேன் என்று பிற்பாடு பலதடவை சொல்லியிருக்கிறார். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் காஞ்சன்பாக் பக்கம் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். இரண்டு பெண்கள், ஒன்றாவதும் மூன்றாவதும் படித்தார்கள். நான் தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் வரும். அந்த வேலைதான் எங்களுக்கு எல்லாம். இரண்டு பக்கத்திலும் சொத்து என்று சொல்ல ஒரு துரும்பு கிடையாது.

ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ஜும்மேராத் பஜார் பழைய சாமான் சந்தைக்குப் போனவர், பழைய இரும்புக் குவியலுக்குள் இருந்து ஒரு காரையும் ரிமோட்டையும் பொறுக்கிக் கொண்டுவந்தார். நீலக் கலர், பேர் இல்லை, கதவு ஒன்று இல்லை. ஆன்ட்டியிடம் கொடுங்கள் என்றேன். "நானே பாத்துக்கறேன்" என்றார். மூன்று வாரம் சாயந்திரம் சாயந்திரம் அதோடு உட்கார்ந்தார். ரிமோட்டைத் திருகுவார், கார் அசையாது. மறுபடி திருகுவார். பக்கத்து வீட்டில் டிவி பார்த்தவர்களுக்குப் படத்தில் கோடு கோடாக ஓடியிருக்கிறது. அது இதனால்தான் என்று எங்களுக்குத் தெரியாது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சனிக்கிழமை அவர் டூட்டியில் இருக்கும்போது காரையும் ரிமோட்டையும் ஒரு பையில் போட்டு, கோட்டியில் பஸ் மாறி, திருமுல்கேரிக்கு நானே கொண்டுபோய் ஆன்ட்டி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கேட்டதும் மனுஷன் முகம் வெளுத்துப்போயிற்று.

"யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போன?"

"ஏங்க, நம்ம ஆன்ட்டிதானே!"

"ஆன்ட்டிங்கறதாலதான் சொல்றேன். அவங்க எல்லாத்தையும் பிரிச்சுப் பாப்பாங்க."

பிரித்துப் பார்த்தால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. ஆண்களின் ரோஷம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. குவார்ட்டர்ஸில் யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்து ஏதோ சிக்னல் போகிறதாமே, விளக்கம் கொடுங்கள் என்று கேட்டிருந்தது. என் வீட்டுக்காரர் பயத்தில் அங்கேயே ஒரு தாளை வாங்கி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். ‘என்னிடம் ஃபாரின் செட் ஒன்று இருக்கிறது. அது வேலை செய்யவில்லை.’ நம் வீடுகளில் ஜோடியாக வரும் சாமான் எதுவானாலும் செட்தான். கம்மல் செட், டிபன் கேரியர் செட் என்போம். காரும் ரிமோட்டும் சேர்ந்தது ஒரு செட் என்று இவர் எழுதிவிட்டார். பாதுகாப்புத் தொழிற்சாலையின் செக்யூரிட்டிக்கு செட் என்றால் ஒரே அர்த்தம்தான், ஒயர்லெஸ் செட். அதுவும் ஃபாரின் செட்! புதன்கிழமை காலையில் நாலு பேர் வந்து வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார்கள். பெண்களின் ஸ்கூல் பையைக்கூட விடவில்லை. செட் எங்கே என்றார்கள். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்றோம். எந்தக் கடை என்றார்கள். கடை இல்லை, தெரிந்தவர் வீடு என்றோம். அப்படிச் சொல்லும்போதே எங்கள் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

கேட் பாஸை வாங்கிக்கொண்டு சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை அந்தச் செட்டைக் கொண்டுவந்து, அது பொம்மைதான் என்று ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடவில்லை என்றால் கேஸ் வெளியே போய்விடும் என்றார் செக்யூரிட்டி ஆபீசர். வெளியே என்றால் போலீஸ்.

அன்றைக்கே பஸ் பிடித்து ஓடினேன். மெமோ வந்த சேதி கேட்டு ஆன்ட்டி லீவு போட்டுவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கார் வயிறு திறந்து கிடந்தது. ரிமோட்டும் திறந்து கிடந்தது.

"ஜப்பான். எழுபத்தஞ்சு, எழுபத்தாறு இருக்கும். நல்ல ஜாதி. பல்சக்கரம் மாத்திட்டேன், மோட்டார் சுத்துது. ஆனா பாப்பா, ரிமோட் சொல்றது காருக்குக் கேக்கல." விரல்நகம் அளவு ஒரு தகர டப்பியைக் குறட்டால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதுக்குப் பேரு கிறிஸ்டல். ரிமோட்ல ஒண்ணு, கார்ல ஒண்ணு இருக்கும். ரெண்டும் ஜோடி. ஜோடி மாறினா ஒண்ணு பேசறது ஒண்ணுக்குக் கேக்காது. கார்ல இருக்கறது அதோடதுதான். ரிமோட்ல இருக்கற இது இதோடது இல்ல."

"அப்ப வேற யாரோடது?"

ஆன்ட்டி பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். டப்பியின் மேல் பொடி எழுத்தில் முத்திரை குத்தியிருந்தது. அந்த முத்திரையை நான் தினம் பார்க்கிறேன். என் வீட்டுக்காரரின் வேலைக் கோட்டில், டிபன் கேரியர் டோக்கனில், குவார்ட்டர்ஸ் கேட்டில் எல்லாம் இருக்கிறது அது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் நின்றேன். மறைக்கவில்லை. "ரிஜெக்ட் டப்பாலேந்து எடுத்தேன்மா. உடைச்சுக் குப்பைல போடறது. ரிமோட்ல கிறிஸ்டல் காலியா இருந்துச்சு. போட்டுப் பாக்கலாமேன்னு..." என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். குப்பையாகவே இருக்கட்டும், அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு குண்டூசி வெளியே வரக்கூடாது என்று அவருக்குத் தெரியாதா? பொம்மைக்கு ஆசைப்பட்டு ஒரு மனுஷன் இப்படிச் செய்வானா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டு என்ன செய்ய? அந்த டப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் ஓடாது. ஓடாவிட்டால் அது ஒயர்லெஸ் செட். டப்பியோடு கொண்டுபோனால் திருட்டுச் சாமான் போட்ட ஒயர்லெஸ் செட். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மறுநாள் ஆன்ட்டியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். இதைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே சொல்லாதீங்க என்றேன்.

"கேக்காததை நானா சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வராது பாப்பா, நீயே பாத்திருக்கல்ல."

"எம் பொண்ணுங்க மூஞ்சியப் பாருங்க ஆன்ட்டி!"

"அதுங்களுக்காகத்தான் நாலு நாளைக்கு லீவு போட்டிருக்கேன். மனசு கெட்டா உக்காந்திருக்கேன்?"

அந்த நாலு நாளும் ஆன்ட்டி தெருத்தெருவாக அலைந்தார். கோட்டி குஜராத்தி கல்லியில் ரேடியோ சாமான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய்ப் பரணைத் திறக்கச் சொன்னார். கர்னல் வீட்டுக்கும் போனாராம். ஜோடிக் கிறிஸ்டல் எங்கேயும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரவில்லை. கோயில் விட்டதும் நான் ஓடினேன். ஆன்ட்டி அலமாரியைத் திறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்து வெள்ளைக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய சொந்தக் கார். கடைசி ஸ்க்ரூ வரைக்கும் எல்லாம் அதனுடையதாகவே இருந்த ஒரே கார். அதன் வயிற்றில் மட்டும் காகிதம் கிடையாது. கவிழ்த்து, திறந்து, இரண்டு கிறிஸ்டலையும் பிடுங்கி நீலக் காருக்கும் அதன் ரிமோட்டுக்கும் மாற்றினார். வாசலில் வைத்து ஓட்டினார். கார் முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. நான் அங்கேயே முழங்கால் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை செக்யூரிட்டி ஆபீஸ் முற்றத்தில் ஆன்ட்டிதான் ஓட்டிக் காட்டினார். வலது, இடது, நில், போ. காவல்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். செக்யூரிட்டி ஆபீசருக்கே இரண்டு தடவை ரிமோட்டை வாங்கித் திருகிப் பார்க்கத் தோன்றியது. அதற்கப்புறம் கேட்டார், இதெல்லாம் இந்தக் காருடையதுதானா என்று.

ஆன்ட்டி வாயைத் திறந்தார். "நை சாப். பல்சக்கரம் இதோடது இல்ல. கதவு இதோடது இல்ல, நான் செஞ்சது. பின்னாடி டயர் இதோடது இல்ல. கிறிஸ்டல் ரெண்டும் இதோடது இல்ல, என் வண்டியோடது. ஏரியல்..." ஆபீசர் கையைத் தூக்கி, போதும் அம்மா போதும் என்று சிரித்துவிட்டார். அதற்கு முன்னால் எந்தக் கிறிஸ்டல் இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. நாலு நாள் கழித்து வேலைக்கு வரலாம் என்றார். ஆண்டவர் கண் திறந்தார் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் ஆன்ட்டி கைப்பையைத் திறந்து அந்தத் தகர டப்பியை என் வீட்டுக்காரர் கையில் வைத்தார்.

"எடுத்த டப்பாலயே போட்டுடுங்க தம்பி."

"நக்கோ, வேணாம் ஆன்ட்டி! கர்மம், போற வழில டேங்க்பண்ட் ஏரில தூக்கிக் கடாசிடுங்க" என்றேன்.

"அது கைக்கு டேங்க்பண்டுக்குப் போகணும்? அது அவங்களோடது. அங்கதான் போகணும்."

என் வீட்டுக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். ஒரு பொம்மைக்காகத் தன் ஒரே முழுக் காரைக் குலைத்துக்கொண்டு வந்து நிற்கிறவரிடம் அந்த மனுஷன் என்ன சொல்வார்? வைத்துவிடுகிறேன் ஆன்ட்டி என்றார். நான் கத்தியிருக்க வேண்டும். அந்தக் கையில் இருந்து பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். நன்றிக்கடன் என் வாயைக் கட்டிவிட்டது.

வேலைக்குப் போன முதல் நாள், என்றைக்கும் இல்லாமல் உள்ளே போகிறவர்களையும் தடவிப் பார்த்தார்கள். கோட்டுப் பையில் அந்த டப்பி இருந்தது. வேலை நேரத்தில் பையில் விழுந்திருக்கும், வீட்டிலேயே கிடந்த கோட்டு, நான் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். நம்பக்கூடிய பேச்சுதான். யூனியன்காரர் வீட்டுக்கே வந்து, ரிஜெக்ட் பீஸ்தானே, ஒரு வார்னிங் லெட்டரோடு முடிந்துவிடும், இதையே மாற்றாமல் சொல்லச் சொல்லுங்கள், வேறு யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாயைத் திறந்தேன். வேறு யாரிடம் போய் அழுவேன்? ஆன்ட்டியிடம் போய் அழுதேன். உங்களால்தான், திருப்பி வை திருப்பி வை என்றீர்களே, இப்போது பாருங்கள் திருடன் என்று நிற்கவைத்துவிட்டார்கள் என்று கத்தினேன். ஆன்ட்டி தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் அவராகவே இரண்டு பஸ் மாறிக் காஞ்சன்பாக்குக்குப் போய், செக்யூரிட்டி ஆபீஸில் ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதன் நகலை அப்புறம் எங்களிடம் காட்டினார்கள். ‘இவர் திருடன் இல்லை. அந்தக் கிறிஸ்டல் ரிமோட்டில் இருந்தது. என் கையால் நான்தான் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கச் சொன்னதும் நான்தான். அதற்காகத்தான் கொண்டுபோனார். இவர் நல்ல மனிதர்.’ ஒவ்வொரு சொல்லும் சத்தியம். உண்மையைச் சொன்னால் அவரை விட்டுவிடுவார்கள் என்று மனுஷி நிஜமாகவே நம்பியிருக்கிறார். வார்னிங்கோடு முடிய இருந்தது, தொழிற்சாலைச் சாமானைத் திருடி டிரான்ஸ்மிட்டரில் போட்டான் என்று ஆயிற்று. சார்ஜ் ஷீட் வந்தது.

நான் திருமுல்கேரிக்குப் போனபோது என் கண்ணில் என்ன தெரிந்ததோ, ஆன்ட்டி எழுந்து நின்றார்.

"தப்பா என்ன எழுதினேன் பாப்பா? ஒரு வார்த்தை பொய் இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி. அதான் எங்க தலையில இடி."

அப்புறம் கேட்டார்: "அப்ப நான் எழுதினது பொய்னு எழுதிக் குடுக்கவா?"

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷியிடம் அதைக் கேட்பது என்ன பாவம் என்று எனக்கு அப்போதே தெரியும். இரண்டு பெண்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். "எழுதுங்க ஆன்ட்டி" என்றேன்.

காகிதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனா ஓடவில்லை. "எப்படி எழுதறதுன்னு தெரியல. நீ சொல்லு, எழுதறேன்." நான் சொல்லச் சொல்ல எழுதினார். ‘ரிமோட்டில் நான் அந்தக் கிறிஸ்டலைப் பார்க்கவே இல்லை. அவரைக் காப்பாற்றலாம் என்று நானாகக் கதை கட்டினேன். நான் முன்பு எழுதியது பொய்.’ அந்த இடத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொய்னே போடணுமா? தப்புன்னு போட்டா பத்தாதா?"

"பத்தாது. பொய்னே போடுங்க."

போட்டார்.

மறுநாள் காலையில் நானும் கூடப் போனேன். செக்யூரிட்டி ஆபீசர் இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். இதில் எது உண்மை என்றார். ஆன்ட்டி கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரெண்டாவது, சாப்" என்றார். அப்படியானால் முதலில் பொய் சொன்னீர்களா என்றார். "ஹவ்" என்று ஒத்துக்கொண்டார் ஆன்ட்டி. சொல்லும்போதே நெற்றியில் இருந்து கழுத்து வரைக்கும் சிவந்து, கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை.

ஆபீசர் இரண்டாவது தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். கோபப்படவில்லை. "அம்மா, ஆப்கோ ஜூட் போல்னா நை ஆதா" என்றார். உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை அம்மா, வீட்டுக்குப் போங்கள் என்று மெதுவாகச் சொன்னார்.

வெளியே வந்து படி இறங்கினோம். முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆன்ட்டிக்குத் தெரியவில்லை. கடைசிப் படியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்ன மாதிரியேதானே சொன்னேன்? எங்க விட்டேன், சொல்லு. இரு, இன்னொரு தரம் போய்ச் சொல்லிப் பாக்கறேன். இந்தத் தடவை நல்லா சொல்றேன் பாப்பா."

சொல்லிக்கொண்டே மறுபடியும் படியேறப் பார்த்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.